ஒரே எக்கோகிராம், இரண்டு விடை: 82 டன்னா, 25 டன்னா?

வலம்புரி (கேள்வி)

வணக்கம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்குத் தெற்கே, 20 முதல் 100 மீட்டர் ஆழத்துக்குள் எடுத்த எக்கோ சவுண்டர் (நீருக்குள் ஒலி அனுப்பித் திரும்பும் எதிரொலியை அளக்கும் கருவி) பதிவு ஒன்றைப் பயிற்சிக்காகக் கணக்கிட்டு வருகிறோம். 38 கிலோஹெர்ட்ஸ், 7 டிகிரி ஸ்பிளிட் பீம் (மீன் ஒலிக்கற்றைக்குள் எங்கே இருக்கிறது என்றும் காட்டும்) டிரான்ஸ்டியூசர், 1.024 மில்லிவினாடி பல்ஸ். சாளை என்று குறித்த பகுதியில் என்ஏஎஸ்சி (ஒரு பரப்புக்குக் கீழே உள்ள மீன்களின் மொத்த எதிரொலி அளவு) சராசரி, சதுர கடல் மைலுக்கு 500 சதுர மீட்டர். மீனின் சராசரி நீளம் 15 செ.மீ., எடை 30 கிராம், கூட்டம் நின்ற ஆழம் 30 மீட்டர்.

இந்த எண்களை மட்டும் வைத்து ஒருவர் சதுர கடல் மைலுக்கு 82 டன் என்கிறார், இன்னொருவர் 25 டன் என்கிறார். எக்கோகிராமை (அந்தப் பதிவின் படத்தை) சுத்தம் செய்த விதம் இருவருக்கும் ஒன்றுதான். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எதை நம்புவது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அடுத்த ஓட்டத்துக்குக் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது. 120 கிலோஹெர்ட்ஸ் சேர்ப்பதா, இழுவலை போடும் எண்ணிக்கையைக் கூட்டுவதா?

எதிரொலி38

இரண்டு பேரும் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. ஒரு மீன் எவ்வளவு எக்கோ திருப்பித் தரும் என்பதற்கு ஆளுக்கொரு சமன்பாட்டை எடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

82 டன் வந்தவர் மத்தி, ஹெர்ரிங் வகைகளுக்கு 1987 முதல் பரவலாகப் புழங்கும் சமன்பாட்டை எடுத்திருப்பார்: டிஎஸ் (ஒரு மீனின் எதிரொலி வலு, டெசிபெல்லில்) = 20 லாக் நீளம் (செ.மீ.) − 71.9. 15 செ.மீ.க்கு 23.5 − 71.9, அதாவது −48.4 டெசிபெல். அதை லாக் இல்லாத எண்ணாக மாற்றினால் ஒரு மீனின் எதிரொலிப் பரப்பு 0.0000145 சதுர மீட்டர். 4 பையால் பெருக்கி, அதைக் கொண்டு 500-ஐ வகுத்தால் சதுர கடல் மைலுக்கு சுமார் 27.4 லட்சம் மீன். 30 கிராம் வீதம் 82 டன்.

25 டன் வந்தவர் நார்வே ஹெர்ரிங்கை அளந்து 2003-இல் வெளியான, ஆழத்தையும் கணக்கில் எடுக்கும் சமன்பாட்டை எடுத்திருக்கிறார்: டிஎஸ் = 20 லாக் நீளம் − 2.3 லாக் (1 + ஆழம்/10) − 65.4. ஆழம் 30 என்றால் −43.3 டெசிபெல். முந்தையதைவிட 5.1 டெசிபெல் அதிகம். 3 டெசிபெல் என்றாலே இரண்டு மடங்கு, 5.1 என்பது 3.25 மடங்கு. ஒவ்வொரு மீனும் அத்தனை மடங்கு எக்கோ தருகிறது என்று வைத்துக்கொண்டால் மீன் எண்ணிக்கை அத்தனை பங்கு குறையத்தானே செய்யும். 82-ஐ 3.25-ஆல் வகுத்தால் 25.

ஆழம் ஏன் சமன்பாட்டுக்குள் வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். மீனிலிருந்து திரும்பும் எக்கோவில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றுப்பையிலிருந்து வருகிறது. சதைக்கும் கடல்நீருக்கும் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை, காற்றுக்கும் நீருக்கும் மலையளவு வேறுபாடு. சாளை, ஹெர்ரிங் போன்றவற்றுக்குக் காற்றுப்பை திறந்த வகை. ஆழத்தில் இருந்துகொண்டு அதை மீண்டும் நிரப்ப முடியாது. மேலே வந்துதான் காற்று எடுக்க வேண்டும். கீழே போகப் போக அழுத்தத்தில் பை சுருங்கும், எக்கோ குறையும். காரல், பாரை போன்றவை பைக்குள் வாயுவைச் சுரந்து ஆழத்துக்குத் தக்கபடி சரிசெய்துகொள்ளும்.

எது சரி என்று கேட்டால், இரண்டுமே குளிர்கடல் மீன்களை அளந்து எழுதியவை. 28 டிகிரி நீரில் நிற்கும் உங்கள் 15 செ.மீ. சாளைக்கு இரண்டுமே கடன் வாங்கிய சட்டைதான். சரியான வழி, அதே கடலில் அதே மீனுக்கு டிஎஸ் அளப்பது. ஸ்பிளிட் பீம் இருப்பதால் அது முடியும். இரவில் கூட்டம் கலைந்து மீன்கள் தனித்தனியாகப் பரவும் நேரத்தில் கப்பலை மெதுவாக நகர்த்தி, ஒற்றை இலக்குகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 30 மீட்டர் ஆழத்தில் 7 டிகிரி பீமின் விட்டம் 3.7 மீட்டர், பல்ஸின் பாதி நீளம் 0.79 மீட்டர். ஒரே நேரத்தில் கருவி பார்க்கும் நீர் சுமார் 8 கன மீட்டர். அதற்குள் இரண்டு மீன் இருந்தால் இரண்டையும் ஒன்றாக எண்ணி, பெரிய மீன் என்று சொல்லிவிடும். டிஎஸ் கூடும், மொத்த மதிப்பீடு குறையும். ஆகவே ஒரு கன அளவுக்கு ஒரு மீனுக்கும் மிகக் குறைவாக இருக்கும் பகுதிகளை மட்டும் எடுங்கள், மற்றதைத் தயங்காமல் தள்ளுங்கள்.

பரவலாக நடக்கும் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நீளங்களின் சராசரியை எடுத்து அதற்கு டிஎஸ் போடக் கூடாது; டெசிபெல்களை அப்படியே சராசரி எடுப்பதும் தவறு. ஒவ்வொரு நீள வகுப்புக்கும் எதிரொலிப் பரப்பைக் கண்டு, எண்ணிக்கையால் எடை கொடுத்து, அந்தப் பரப்புகளைச் சராசரி எடுக்க வேண்டும். சிறுமீனும் பெருமீனும் கலந்த இடத்தில் இது கணிசமான வித்தியாசம் தரும்.

ஆழிக்கரை

எதிரொலி38 சொன்னது சரி. ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த 500-உம் சாளைதான் என்று எப்படித் தெரியும்? எக்கோகிராமில் கூட்டத்தின் உருவத்தைப் பார்த்துச் சொன்னதா, வலை போட்டுப் பார்த்ததா?

மன்னார் வளைகுடாவில் இது சின்ன விஷயம் இல்லை. காரல் ஏராளம். மூடிய காற்றுப்பை மீன்களுக்குப் பொதுவாக எடுக்கும் −67.5 மாறிலியைக் காரலுக்குப் போட்டால் 10 செ.மீ. மீனுக்கு −47.5 டெசிபெல் வருகிறது. 15 செ.மீ. சாளைக்கு மேலே கண்ட −48.4. அதாவது உள்ளங்கை அளவுள்ள ஒரு காரல், தன்னைவிட ஒன்றரை மடங்கு நீளமான சாளையைவிடக் கூடுதல் எக்கோ தருகிறது. எண்ணிக்கையில் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் என்ஏஎஸ்சியில் பாதிக்கு மேல் காரலுடையது. முழுவதையும் சாளை என்று எழுதினால் சாளை இரண்டு மடங்குக்கு மேல் ஊதிவிடும். 71.9-ஆ 65.4-ஆ என்று விவாதிக்கும் நேரத்தில் இந்தப் பிழை சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முதலில் வலை, பிறகு அலைவரிசை.

120 கிலோஹெர்ட்ஸ் வீண் என்று சொல்லவில்லை. மிதவை உயிரிகளை மீனிலிருந்து பிரிக்க அது மிக நன்றாக உதவும். கிரில் போன்றவை 38-இல் மங்கலாகவும் 120-இல் பல டெசிபெல் கூடுதலாகவும் தெரியும். காற்றுப்பை உள்ள மீன் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பையே கிடையாது, அது 200 கிலோஹெர்ட்ஸில் 38-ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவாகத் தெரியும். வட கடலில் அதை இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆனால் சாளை, காரல், நெத்திலி, பாரைக்குஞ்சு நான்குக்கும் காற்றுப்பை உண்டு. 38-உம் 120-உம் வைத்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது. வெப்பக்கடலில் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து வகை கலந்து நிற்கும். நார்வேயில் ஒரு கூட்டம் என்றால் ஒரு மீன். இங்கே அப்படி இல்லை.

வலையைப் பற்றி: நடுநீர் இழுவலை, 3.5 முதல் 4 நாட் வேகம், அரை மணி நேரம். மடியின் உள்ளே 10 முதல் 20 மி.மீ. கண்ணுள்ள உள்வலை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் நெத்திலியும் சாளைக்குஞ்சும் வழிந்து போய் அளவீட்டில் இல்லாமலே ஆகிவிடும். வலை எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று காட்டும் சென்சாரை வலைவாயில் மாட்டுங்கள். கூட்டம் 30 மீட்டரில் நிற்க, வலை 45-இல் ஓடினால் அந்த இழுப்பு வேறு மீனைப் பற்றியது. இனம் ஒன்றுக்கு 100 முதல் 200 மீனை அரை செ.மீ. வகுப்பில் அளந்தால் போதும். கரையில் வந்து இறங்கும் செவுள்வலை மீனை வைத்து நீளப் பரவலை நிரப்ப வேண்டாம். செவுள்வலை தன் கண்ணளவுக்கு ஏற்ற மீனை மட்டுமே பிடிக்கும். அதன் நீளப் பட்டியல் வலைக்கண்ணைப் பற்றிச் சொல்லும், கடலைப் பற்றிச் சொல்லாது.

எக்கோகிராமில் பெரிய அடையாளம் மாறும்போதெல்லாம் ஒரு இழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு (கப்பல் ஓடும் ஆய்வுப் பாதை) முடிந்தபின் ஒரே இடத்தில் சேர்த்துப் போடுவது பயன்படாது.

மன்னார்க்கரை

ஆழிக்கரை அண்ணை சொன்னதோட ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் 20 மீட்டரில் தொடங்குகிறீர்கள். சாளையும் சூடையும் கணக்க நேரம் நிற்பது அதற்கும் உள்ளே. பெரிய கப்பல் அங்க வரேலாது.

இலங்கையைச் சுற்றி டாக்டர் ஃபிரிட்ஜோஃப் நான்சன் கப்பல் 1978-க்கும் 1980-க்கும் இடையில் மூன்று முறை ஆய்வு செய்தது. பிறகு 2018-இல் அதே பெயருள்ள புதிய கப்பல் நாரா என்ற இலங்கை நீர்வள ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வந்து ஜூன், ஜூலையில் திரும்பச் செய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் முதல் ஆய்வுகள் அனலாக் கருவி, ஒற்றை பீம் காலத்தவை. பிந்தியது ஸ்பிளிட் பீம், பல அலைவரிசை. காலமும் முக்கியம்: சோழகத்தில் (தென்மேற்குப் பருவத்தில்) எடுத்த எண்ணை வாடைக்காலத்து (வடகிழக்குப் பருவத்து) எண்ணோடு ஒப்பிட்டால் மீனின் ஏற்ற இறக்கம் எது, பருவத்தின் இடப்பெயர்ச்சி எது என்று பிரிக்கேலாது.

பாக்கு நீரிணைப் பக்கம் இதே முறையைக் கொண்டுவரலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நேர்கீழாகப் பார்க்கும் எக்கோ சவுண்டரால் அங்கே சரிவராது, காரணம் எளிது. சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. 10 மீட்டரில் 7 டிகிரி பீமின் விட்டம் 1.2 மீட்டர்தான். அதுவும் டிரான்ஸ்டியூசருக்கு அருகே உள்ள சில மீட்டரில் பீம் இன்னும் சரியாக உருவாகி இருக்காது, அந்த அளவு பயன்படாது. கப்பலின் அடிப்பகுதி ஆழத்தையும் கூட்டினால் மேலே 8 முதல் 10 மீட்டர் குருட்டுப் பகுதி. மிஞ்சுவது எதுவும் இல்லை. போதாததற்குப் படகுக்குக் கீழே வரும் மீன் விலகி ஓடிவிடும். பகலில் கடற்புல் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிசன் குமிழிகளும் மீன் மாதிரி எக்கோ தரும்.

அங்கே செய்யக்கூடியது, சின்னப் படகின் பக்கத்தில் ஒரு குழாயில் 120 அல்லது 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, கிடையாகப் பக்கவாட்டில் பார்ப்பது. பல்ஸை 0.256 மில்லிவினாடியாகக் குறைக்க வேணும். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும் மீனுக்கு மேலிருந்து பார்த்த டிஎஸ் பொருந்தாது. மீன் தலை நீட்டி நிற்கிறதா, பக்கம் காட்டி நிற்கிறதா என்பதைப் பொறுத்து பல டெசிபெல் மாறும். எனவே அங்கே கிடைப்பது கூட்டங்களின் எண்ணிக்கையும் பரப்பும். டன் கணக்கு இல்லை. உங்கட 20 மீட்டர்க் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதிக்கும் இதை ஒரு துணை ஓட்டமாக வைக்கலாம். வைக்காவிட்டால், அறிக்கையில் 20 மீட்டருக்கு உள்ளே அளக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பூச்சியம் என்று எடுத்துக்கொள்ள விடக்கூடாது.

வலம்புரி

மூவருக்கும் நன்றி. வலை போட்டது இரண்டே இடத்தில், இரண்டும் கோட்டின் கடைசியில். அதனால் ஆழிக்கரை சொல்லும் பிழை இருக்கவே வாய்ப்பு. கருவி அளவுதிருத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே? பதிவோடு வந்த கோப்பில் தொழிற்சாலை மதிப்பே இருக்கிறது. நீரின் வெப்பநிலை, உப்பு அளவும் இல்லை. ஒலிவேகம் 1500 என்று வைத்திருக்கிறார்கள்.

நங்கூரம்

அப்படியானால் 500 என்ற எண்ணையே இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கோள அளவுதிருத்தம் (எதிரொலி தெரிந்த உலோக உருண்டையைக் கீழே தொங்கவிட்டுக் கருவியைச் சரிபார்ப்பது) இல்லாத என்ஏஎஸ்சியை டன்னாக மாற்றக் கூடாது. கருவி புதியதாக இருந்தாலும் சரி, டிரான்ஸ்டியூசரைப் பொருத்திய இடம், கேபிள், முகப்பில் படியும் பாசி, நீரின் வெப்பம் எல்லாம் சேர்ந்து ஆதாயத்தை (கருவியின் பெருக்க அளவை) மாற்றும். ஆதாயம் போகும்போதும் வரும்போதும் இரண்டு முறை கணக்கில் வருவதால் 1 டெசிபெல் பிழை, என்ஏஎஸ்சியில் 2 டெசிபெல் ஆகும். அது 58 சதவீதம்.

செய்முறை சொல்கிறேன். அலை அடங்கிய, நீரோட்டம் குறைந்த இடத்தில், அடியில் 20 மீட்டருக்கு மேல் நீர் இருக்கும்படி நங்கூரம் போடுங்கள். முன்னும் பின்னும் நங்கூரம் போட்டால் கப்பல் சுழலாது. 38.1 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு கோளம், 6 சதவீதம் கோபால்ட் கலந்தது, 38-க்கும் 120-க்கும் பொதுவாகப் போதும். 38-க்கு மட்டும் என்றால் 60 மி.மீ. செப்புக் கோளம், அதன் டிஎஸ் −33.6 டெசிபெல். கடையில் கிடைக்கும் எஃகு பேரிங் உருண்டை வேண்டாம். அதன் எதிரொலி எவ்வளவு என்பதற்கு நம்பகமான கணக்கு இருக்காது.

கப்பலின் விளிம்பில் மூன்று இடத்தில், ஒரு பக்கம் ஒன்று மறுபக்கம் இரண்டு என்று தூண்டில் ராட்டைகளைக் கட்டி, மெல்லிய ஒற்றையிழை நரம்பில் கோளத்தைத் தொங்கவிட வேண்டும். இறக்குவதற்கு முன் கோளத்தைச் சோப்புக் கரைசலில் முக்குங்கள், கையால் தொடாதீர்கள். ஒட்டிய ஒரு சின்னக் காற்றுக்குமிழி முழு அளவையும் கெடுக்கும். முடிச்சையும் சின்னதாக வையுங்கள். கோளம் டிரான்ஸ்டியூசருக்குக் கீழே 15 முதல் 25 மீட்டரில் நிற்கட்டும். ராட்டைகளை மாறி மாறி இழுத்து பீமின் நான்கு கால்பகுதியிலும் நடுவிலும் கோளத்தை நகர்த்துங்கள். மென்பொருள் பொருத்தும் பீம் வடிவத்திலிருந்து அளவீடுகளின் விலகல் 0.2 டெசிபெல்லுக்குள் இருந்தால் நல்லது, 0.4-ஐத் தாண்டினால் மீண்டும் செய்யுங்கள். மீன் கூட்டம் குறுக்கே வந்தால் விலகல் உடனே ஏறும். அந்த நேரத்துத் துண்டை வெட்டிவிடலாம்.

ஆய்வு ஓட்டத்தில் என்ன பல்ஸ், என்ன மின்திறனோ, அதிலேயே அளவுதிருத்தமும் செய்ய வேண்டும். 38-க்கு 2000 வாட், 120-க்கு 250 வாட் போதும். 120-ஐ அதற்குமேல் தள்ளினால் ஒலி நீரில் நேர்கோட்டு விதியிலிருந்து விலகி, ஆற்றல் வேறு அலைவரிசைகளுக்குச் சிதறும். அளவு குறைந்து வரும்.

ஒலிவேகம் 1500 என்பது நம் நீருக்குப் பொருந்தாது. 28 டிகிரியில், கடல்நீரில் சுமார் 1540 மீட்டர். ஆழத்தில் 2.7 சதவீதப் பிழை, அது பெரிதில்லை. உறிஞ்சல் குணகம்தான் (நீர் ஒலியை விழுங்கும் அளவு) கவனிக்க வேண்டியது. குளிர்நீரில் 38 கிலோஹெர்ட்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 10 டெசிபெல் அளவில் வைப்பார்கள். வெப்பநீரில் அது குறையும். 3 டெசிபெல் தவறினால் 100 மீட்டர் ஆழத்தில், போக வர 0.6 டெசிபெல், கிட்டத்தட்ட 15 சதவீதம். சிடிடி கருவியை (நீரின் வெப்பம், உப்பு, ஆழம் அளப்பது) ஒவ்வொரு கோட்டிலும் ஒருமுறையாவது இறக்கினால் தீர்ந்துவிடும்.

உங்கள் பழைய பதிவைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டு. டிரான்ஸ்டியூசரைக் கழற்றாமல், அதே அமைப்பில் இப்போது கோள அளவீடு செய்து, கிடைத்த ஆதாயத்தைப் பழைய மூலக் கோப்பில் ஏற்றி மீண்டும் கணக்கிடலாம். இடையில் எதையும் மாற்றவில்லை என்ற உறுதி வேண்டும்.

எதிரொலி38

நங்கூரம் சொன்ன 58 சதவீதத்தையும், நான் சொன்ன 3.25 மடங்கையும், காரல் கலப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கோடுகளின் எண்ணிக்கை போதாமல் வரும் பிழை இவற்றைவிடச் சிறியது, ஆனால் அறிக்கைகளில் பெரும்பாலும் அதை மட்டும்தான் சதவீதமாகப் போடுகிறார்கள். அந்தப் பிழைக்கு ஒரு தோராயக் கணக்கு: ஓடிய மொத்தத் தூரத்தைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அடர்வு எண். 4000 சதுர கடல் மைல் பரப்புக்கு வர்க்கமூலம் 63. 380 மைல் ஓடினால் அடர்வு 6. மாறுபாட்டுக் குணகம் (சராசரியோடு ஒப்பிட்ட பிழை) சுமார் 0.5-ஐ அடர்வின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 20 சதவீதம். 10 நாட் வேகத்தில் 38 மணி நேர ஓட்டம். பகலில் மட்டும் ஓடினால் மூன்றரை நாள். இரவில் சாளை கலைந்து மேலே குருட்டுப் பகுதிக்குள் ஏறிவிடும் என்பதால் பகலில் மட்டும் ஓடுவதே நல்லது. கோடுகள் கரைக்குச் செங்குத்தாக, சம இடைவெளியில், முதல் கோட்டின் இடம் மட்டும் குலுக்கலில்.

டிஎஸ் பிழை இதிலிருந்து வேறுபட்டது. ஒவ்வோர் ஆண்டும் அது ஒரே திசையில் இழுக்கும். ஒரே சமன்பாட்டை, ஒரே பருவத்தை, ஒரே கோடுகளைப் பிடித்துக்கொண்டால் 82-உம் 25-உம் தெரியாவிட்டாலும், சென்ற ஆண்டைவிடப் பாதியா, ஒன்றரை மடங்கா என்று சொல்ல முடியும். பேரன்ட்ஸ் கடலில் கேப்பலின் மீனுக்கு 1972 முதல் இலையுதிர்காலத்தில் இப்படி அளக்கிறார்கள். பிடிப்பு வரம்பையும் ஒற்றை எண்ணை நம்பி வைப்பதில்லை: முட்டையிடும் கூட்டம் 2 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வைக்கிறார்கள். பெருவில் நெத்திலி இனமான அன்சோவெட்டாவுக்கும் பருவம் திறக்குமுன் ஒலி ஆய்வு, 12 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகள் மிகுந்திருந்ததால் 2023-இன் முதல் பருவத்தை வட-மத்தியப் பகுதியில் திறக்கவே இல்லை. வலை அளவு இல்லாமல் எக்கோ மட்டும் இருந்திருந்தால் அந்தக் குஞ்சு விகிதம் தெரிந்திருக்காது.

எனவே உங்கள் அறிக்கையில் இரண்டு விடையையும் போடுங்கள், எந்தச் சமன்பாட்டில் எது என்று எழுதி. மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். நல்ல டிஎஸ் வரும் நாளில் எக்கோபைப், எக்கோவியூ போன்ற மென்பொருளில் மீண்டும் ஓட்டிவிடலாம்.

வலம்புரி

பணம் வலைக்கும் கோளத்துக்கும் என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று: அந்த 100 மீட்டர் எல்லைக்கு வெளியே, கண்டத் திட்டின் விளிம்புப் பக்கம், ஆழ்கடலுக்கு மேலே நிற்கும்போது, 100 மீட்டரில் ஒரு தடித்த கோடு வந்து மெல்ல ஏறி மறைகிறது. அடித்தளம் மாதிரியே இருக்கிறது, ஆனால் வரைபடத்தில் அங்கே ஆழம் 480 மீட்டருக்கு மேல். மீன் அடுக்கா?

நங்கூரம்

மீன் இல்லை, முந்தைய பிங்கின் (கருவி ஒருமுறை அனுப்பும் ஒலித்துடிப்பின்) அடித்தள எக்கோ. பிங் இடைவெளி அரை வினாடி என்று வைத்திருப்பீர்கள். 1540 மீட்டர் வேகத்தில் அது 385 மீட்டருக்குச் சமம். 485 மீட்டர் ஆழத்திலிருந்து தாமதமாக வரும் எக்கோ, அடுத்த பிங்கில் 100 மீட்டர் என்று விழுகிறது. விளிம்பைத் தாண்டியதும் இடைவெளியை ஒரு வினாடிக்குக் கூட்டுங்கள், அந்தக் கோடு இடம் மாறும் அல்லது மறையும். உண்மையான மீன் அடுக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். பழைய பதிவில் அந்தப் பட்டையைக் கையால் வரைந்து ஒதுக்க வேண்டியதுதான். தானாக அடித்தளம் கண்டுபிடிக்கும் கோட்டையும் அங்கே ஒவ்வொரு பிங்காகப் பாருங்கள். ஒரே ஒரு பிங்கில் உண்மையான அடித்தளம் உள்ளே நுழைந்தாலும் அந்த மைலின் என்ஏஎஸ்சி ஆயிரக்கணக்கில் எகிறும். அடித்தளக் கோட்டை அரை மீட்டர் மேலே தூக்கி வைத்துக்கொண்டு கூட்டுங்கள்.